மலிவு விலைத் திண்மநிலை இயக்கியின் வரலாறு

திண்மநிலை இயக்கி என்பது, சுழலும் தட்டோ நகரும் பாகமோ இல்லாமல், குறைக்கடத்திச் சில்லுகளில் தரவைத் தேக்கிவைக்கும் கணினிச் சேமிப்புக் கருவி ஆகும். கடைகளிலும் பேச்சு வழக்கிலும் இது எஸ்.எஸ்.டி. என்றே அழைக்கப்படுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் இதிலுள்ள தரவு அழிவதில்லை. 1991-இல் 20 மெகாபைட்டு கொள்ளளவுள்ள ஓர் இயக்கியின் விலை ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர். 2018-இல் 512 ஜிகாபைட்டு இயக்கி ஒன்று 99 டாலருக்கு அறிமுகமானது.

இவ்வளவு பெரிய விலைச்சரிவு ஒரே கண்டுபிடிப்பால் நேர்ந்ததன்று. நினைவகத்தின் ஒவ்வொரு கலத்திலும் கூடுதல் பிட்டுகளை அடைத்தல், கலங்களை அடுக்கடுக்காகக் கட்டுதல், துணைச் சில்லுகளைக் குறைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை நிகழ்த்தின. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் விலையைக் குறைத்ததோடு, வேகத்திலும் ஆயுளிலும் சிறிதைப் பறித்துக்கொண்டன. ஆகவே வீட்டுக் கணினிக்குக் குறைந்த விலையில் இயக்கி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, விலை எவ்வளவு என்பது மட்டுமன்று; எதைக் குறைத்ததால் அந்த விலை வந்தது என்பதும் ஆகும். அதற்கான விடை இக்கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வன்தட்டின் காலம்

ஐபிஎம் நிறுவனம் 1956-இல் 305 ராமாக் என்னும் கணினியுடன் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. மொத்தக் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் வன்தட்டின் அளவு சுருங்கியது, கொள்ளளவு பெருகியது, விலை குறைந்தது. ஆனால் அது வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல வேண்டும். படிக்கும் முனை உரிய வட்டத்துக்கு நகர வேண்டும். தேவையான இடம் முனையின் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மேசைக் கணினிகளில் உள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்புக்கு 4 மில்லிநொடியும், முனை நகர்வதற்கு 8 அல்லது 9 மில்லிநொடியும் ஆகும். எனவே தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது, ஒரு நொடியில் நூறு இடங்களைக்கூட எட்டுவது கடினம். இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. பழைய கணினியைத் தொடங்கிவிட்டு நெடுநேரம் காத்திருக்க நேர்வது பெரும்பாலும் செயலியின் குறையால் அன்று, இந்த இயந்திரத் தாமதத்தால்தான். ஃபிளாஷ் நினைவகத்தில் அதே படிப்புக்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடியோ அதற்கும் குறைவாகவோதான் ஆகிறது.

ஃபிளாஷ் நினைவகத்தின் தோற்றம்

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் 1967-இல் மிதவை வாயில் கொண்ட டிரான்சிஸ்டரை உருவாக்கினர். எல்லாப் பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதிக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை அங்கேயே தங்கிவிடும். தங்கியிருக்கும் மின்னூட்டத்தை அளந்து, அது 0-ஆ 1-ஆ என அறியலாம்.

இந்த அடிப்படையில் மலிவான, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய நினைவகத்தை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே அழிப்பதற்கு மாறாக, பெரிய தொகுதியாக ஒரே முறையில் அழிப்பது அவருடைய வழி. அதனால் ஒவ்வொரு கலத்துக்கும் தேவைப்பட்ட மின்சுற்று குறைந்தது. நொடியில் அழியும் அந்தப் பண்பு நிழற்படக் கருவியின் மின்னொளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிசுமி அதற்கு ஃபிளாஷ் என்னும் பெயரைப் பரிந்துரைத்தார். மசுவோக்கா தம் கண்டுபிடிப்பை 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பன்னாட்டு மின்னணுக் கருவிகள் மாநாட்டில் முன்வைத்தார். இது நார் வகை. கலங்களை இன்னும் நெருக்கமாக வரிசையில் கோக்கும் நாண்ட் வகையை 1987-இல் வெளியிட்டார். இன்றைய திண்மநிலை இயக்கிகள், பென் டிரைவுகள், கைப்பேசி நினைவகங்கள் அனைத்திலும் உள்ளது இந்த நாண்ட் வகையே.

கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த பயன் நெடுங்காலம் விவாதப் பொருளாக இருந்தது. மசுவோக்கா 1994-இல் தோஷிபாவை விட்டு விலகித் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தம் காப்புரிமைகளுக்கு உரிய பங்கு தரப்படவில்லை எனக் கூறி, 2004-இல் 100 கோடி யென் கோரி வழக்குத் தொடர்ந்தார். 2006-இல் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்கு அந்த வழக்கு சமரசமாக முடிந்தது.

முதல் இயக்கிகள்

ஃபிளாஷ் நினைவகம் வருவதற்கு முன்பே தட்டில்லாத சேமிப்புக் கருவிகள் இருந்தன. ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 4305 என்னும் கருவி 45 மெகாபைட்டு கொண்டது. விலை ஏறத்தாழ 4,00,000 டாலர். ஒரு மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 8,900 டாலர் என்னும் கணக்கில், பெருங்கணினி வைத்திருந்த நிறுவனங்களுக்கு மட்டுமே அது எட்டியது.

ஃபிளாஷ் நினைவகத்தை வன்தட்டுக்கு மாற்றாக்கும் முயற்சியில் முன்னின்றது, 1988-இல் எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய சன்டிஸ்க் நிறுவனம். இதுவே 1995-இல் சான்டிஸ்க் எனப் பெயர் மாறியது. மூவருள் மெஹ்ரோத்ரா கான்பூரில் பிறந்தவர்; பின்னாளில் மைக்ரான் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானார். சன்டிஸ்க் 1991-இல் ஐபிஎம் நிறுவனத்துக்கு வழங்கிய 20 மெகாபைட்டு இயக்கியே ஃபிளாஷ் அடிப்படையிலான முதல் வணிக இயக்கிகளுள் ஒன்று. தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் இத்தகைய இயக்கிகள் இராணுவம், விமானம், தொழிற்சாலை போன்ற, அதிர்வும் வெப்பமும் மிகுந்த இடங்களிலேயே பயன்பட்டன. அங்கு விலையைவிட உறுதியே முக்கியம்.

சாம்சங் நிறுவனம் 2006-இல் 32 ஜிகாபைட்டு இயக்கி பொருத்திய மடிக்கணினிகளைத் தென் கொரியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007-இல் வெளிவந்த அசுஸ் ஈ பிசி 701 என்னும் சிறு மடிக்கணினி, 4 ஜிகாபைட்டு ஃபிளாஷ் நினைவகத்துடன் குறைந்த விலையில் கிடைத்தது. ஆனால் அந்தக் கொள்ளளவில் அதிகம் சேமிக்க முடியாது. 2008 ஜனவரியில் வெளியான ஆப்பிளின் மேக்புக் ஏர் கணினியில் வன்தட்டுக்குப் பதில் 64 ஜிகாபைட்டு திண்மநிலை இயக்கி வேண்டுமென்றால் 999 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. அந்தத் தொகைக்கு வேறொரு கணினியே வாங்கிவிடலாம்.

வீட்டுக்குள் நுழைவு

2008 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்25-எம் இயக்கி ஒரு திருப்புமுனை. 80 ஜிகாபைட்டு கொண்ட அதன் விலை, ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கு 595 டாலர். ஓராண்டுக்குள், 2009 ஜூலையில், சிறிய கலங்களைக் கொண்ட அடுத்த தலைமுறை அதே கொள்ளளவில் 225 டாலருக்கு வந்தது. ஒரு ஜிகாபைட்டின் விலை 7 டாலர் 44 சென்டிலிருந்து 2 டாலர் 81 சென்டாகக் குறைந்தது.

அதே காலத்தில் அதைவிட மலிவாக வந்த சில இயக்கிகள் பயனர்களுக்கு மனக்கசப்பைத் தந்தன. கோப்புகளை எழுதும்போது கணினி இடையிடையே உறைந்து நின்றது; சில நேரம் ஒரு நொடிக்கும் மேலாக எதுவும் அசையவில்லை. சில்லு நல்லதாக இருந்தும், அதை நிர்வகிக்கும் கட்டுப்படுத்திச் சில்லு சிறு எழுத்துப் பணிகளைச் சமாளிக்க முடியாமல் திணறியதே காரணம். ஓர் இயக்கியின் தரத்தை அதன் கொள்ளளவும், விளம்பரத்தில் காட்டும் உச்ச வேகமும் மட்டும் சொல்லிவிடாது என்பதை வாங்குவோர் அப்போது உணர்ந்தனர்.

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் கொண்ட தொகுதியாக. கரும்பலகையில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற, பலகை முழுவதையும் துடைத்து மறுபடி எழுதுவது போன்றது இது. பயனர் நீக்கிய கோப்பின் இடம் காலி என்பது இயக்கிக்குத் தெரியாவிட்டால், தேவையற்ற தரவையும் அது சுமந்துகொண்டே இருக்கும். நாளடைவில் வேகம் குறையும். எந்தெந்த இடம் தேவையில்லை என்பதை இயங்குதளமே இயக்கிக்கு அறிவிக்கும் டிரிம் என்னும் கட்டளை இதற்குத் தீர்வானது. 2009 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 7 இக்கட்டளையைக் கொண்டிருந்தது.

2011-இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் மற்றொரு வகையில் இவ்வரலாற்றைத் தொட்டது. உலகின் வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு வகித்த அந்நாட்டின் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. வன்தட்டுகளின் விலை திடீரென ஏறியது. அதனால் திண்மநிலை இயக்கிக்கும் வன்தட்டுக்கும் இருந்த விலை இடைவெளி சுருங்கியது.

ஒரு கலத்தில் எத்தனை பிட்டு

விலைச்சரிவின் முதன்மைக் காரணத்தை ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டு விளக்கலாம். குவளையில் நீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இரண்டு நிலைகள். அது 1 பிட்டு. கால், அரை, முக்கால் என அளவும் பார்த்தால் நான்கு நிலைகள். அது 2 பிட்டு. எட்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் 3 பிட்டு. பதினாறு நிலைகளைப் பிரித்தறிந்தால் 4 பிட்டு. குவளை ஒன்றே, அதில் அடங்கும் செய்தி மட்டும் கூடுகிறது. ஆனால் கோடுகள் நெருங்க நெருங்க, நீரை ஊற்றுவதிலும் அளப்பதிலும் நிதானம் வேண்டும். சிறிது கசிந்தாலும் அளவு தவறிவிடும்.

நினைவகக் கலத்தில் நீருக்குப் பதில் எலக்ட்ரான்கள். இந்த நான்கு வகைகளும் முறையே எஸ்எல்சி, எம்எல்சி, டிஎல்சி, கியூஎல்சி எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் கலத்தின் மின்கடத்தாச் சுவர் சிறிது தேய்கிறது. எஸ்எல்சி கலம் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை எழுதுவதைத் தாங்கும். எம்எல்சி சில ஆயிரம் முறை. டிஎல்சி ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. கியூஎல்சி ஏறத்தாழ ஆயிரம் முறை. தயாரிப்பு முறைக்கேற்ப இவ்வெண்கள் மாறுபடும் என்றாலும், இறங்கு வரிசை மாறாது.

சாம்சங் 2012-இல் வெளியிட்ட 840 வரிசை, டிஎல்சி வகையை வீட்டுப் பயனர்களுக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த 840 ஈவோ இயக்கிகளில், எழுதிப் பல வாரங்களான கோப்புகளைப் படிக்கும் வேகம் பெரிதும் குறைவது 2014-இல் வெளிப்பட்டது. நாளடைவில் மாறும் மின்னூட்ட அளவைச் சரிவர ஈடுசெய்யாததே சிக்கலின் வேர். நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில் திருத்திய நிலைபொருளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அளவுக்கோடுகளை நெருக்கியதற்குக் கொடுத்த விலை இது.

கலங்களை மேலும் மேலும் சிறிதாக்கியதால் ஒவ்வொன்றிலும் தங்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த வழி முட்டுச்சந்தை நெருங்கியபோது, பக்கவாட்டில் சிறிதாக்குவதை விட்டு மேல்நோக்கி அடுக்கும் முறை பிறந்தது. தரைவீடுகளுக்கு இடமில்லாத நகரில் மாடிகள் எழுவதைப் போன்றது இது. தோஷிபா 2007-இல் இக்கருத்தை வெளியிட்டது. சாம்சங் 2013 ஆகஸ்டில் 24 அடுக்குகள் கொண்ட வி-நாண்ட் சில்லுகளின் உற்பத்தியை அறிவித்தது. அடுக்குமுறையில் ஒவ்வொரு கலத்தையும் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்ள முடிந்ததால், டிஎல்சி இழந்த ஆயுளில் ஒரு பகுதி மீண்டது. 2014 இறுதியில் வந்த 850 ஈவோவும் அதையொத்த பிற நிறுவன இயக்கிகளும், டிஎல்சியை நம்பி வாங்கலாம் என்னும் நிலையை உருவாக்கின.

கியூஎல்சி 2018-இல் வீடுகளுக்கு வந்தது. இன்டெல் 660பி அவ்வாண்டு ஆகஸ்டில் 512 ஜிகாபைட்டுக்கு 99 டாலர் என அறிமுகமானது. ஒரு ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 19 சென்ட். பத்தாண்டுகளுக்கு முந்தைய எக்ஸ்25-எம் இயக்கியோடு ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்.

கியூஎல்சியின் மெதுவான எழுத்து வேகத்தை மறைக்க, இயக்கியின் ஒரு பகுதியை 1 பிட்டு முறையில் இடைத்தேக்கமாகப் பயன்படுத்துகின்றனர். சிறு கோப்புகள் அங்கு விரைவாக எழுதப்பட்டு, ஓய்வுநேரத்தில் உள்ளே மாற்றப்படுகின்றன. இடைத்தேக்கம் நிரம்பிவிட்டால் உண்மையான வேகம் வெளிப்படும். சாம்சங் 860 கியூவிஓ இயக்கியின் 1 டெராபைட்டு வகையில், இடைத்தேக்கம் நிரம்பிய பின் எழுத்து வேகம் நொடிக்கு 80 மெகாபைட்டாக இறங்குகிறது. தொடர்ச்சியாக எழுதுவதில் இது பல வன்தட்டுகளைவிடவும் குறைவு.

இணைப்பு முறைகளின் மாற்றம்

முதலில் வந்த வீட்டு இயக்கிகள் வன்தட்டின் இடத்திலேயே பொருந்தும்படி, 2.5 அங்குல உறையில், சாட்டா இணைப்புடன் வந்தன. சாட்டாவின் மூன்றாம் தலைமுறையில் நடைமுறை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு. சில்லுகள் அதைக் கடந்து சென்றதும் இணைப்பே தடையானது.

ஃபிளாஷ் நினைவகத்துக்கென்றே வடிவமைத்த என்விஎம்இ நெறிமுறையின் முதற்பதிப்பு 2011 மார்ச்சில் வெளியானது. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகச் செயல்படும் இவ்வகை, அதன் மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 3,500 மெகாபைட்டு வரை எட்டியது. சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவம் இதனுடன் பரவியது. உறை, கம்பி எதுவும் தேவைப்படாததால், காலப்போக்கில் என்விஎம்இ இயக்கியின் விலை சாட்டா இயக்கியின் விலைக்கு அருகில் வந்துவிட்டது.

ஆனால் வீட்டுப் பயன்பாட்டில் 550-க்கும் 3,500-க்கும் உள்ள வேறுபாடு எண்ணில் தெரியும் அளவுக்குக் கண்ணில் தெரிவதில்லை. கணினி தொடங்குவதும் இணையப் பக்கம் திறப்பதும் சிறு கோப்புகளைப் படிக்கும் பணிகள். வன்தட்டிலிருந்து எந்தத் திண்மநிலை இயக்கிக்கு மாறினாலும் பெரும் மாற்றம் உண்டு. ஒரு திண்மநிலை இயக்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் அவ்வளவு இல்லை. பெரிய காணொளிகளைத் தொகுப்போருக்கே கூடுதல் வேகம் உண்மையில் பயன்படும்.

ஆயுள் பற்றிய அச்சமும் சோதனையும்

எழுதும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்னும் செய்தி தொடக்கத்தில் பலரை அச்சுறுத்தியது. தி டெக் ரிப்போர்ட் என்னும் தளம் 2013 முதல் 2015 வரை ஆறு இயக்கிகளில் இடைவிடாமல் எழுதிச் சோதித்தது. 240 முதல் 256 ஜிகாபைட்டு கொண்ட அந்த ஆறும் 700 டெராபைட்டைக் கடந்தன. ஒன்று 2,400 டெராபைட்டு வரை தாங்கியது. எனினும் அச்சோதனை மற்றொன்றையும் காட்டியது. சில இயக்கிகள் இறுதியில் முழுவதுமாகச் செயலிழந்தன. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தந்தபோது கணினி அவற்றை அடையாளமே காணவில்லை. வன்தட்டு பழுதாகும் முன் பல நேரம் சத்தம் தரும். திண்மநிலை இயக்கி அப்படி எச்சரிப்பதில்லை.

தயாரிப்பாளர்கள் ஆயுளை டிபிடபிள்யூ என்னும் அளவால் குறிக்கின்றனர். உத்தரவாதக் காலத்தில் எத்தனை டெராபைட்டு எழுதலாம் என்பதே இதன் பொருள். 512 ஜிகாபைட்டு 660பி இயக்கிக்கு இது 100 டெராபைட்டு. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 20 ஜிகாபைட்டு எழுதப்படுவதாகக் கொண்டால், 1,00,000 ஜிகாபைட்டை எட்ட 5,000 நாள், அதாவது 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே பாடம் படித்தல், எழுதுதல், இணையம் பார்த்தல் ஆகியவற்றுக்குக் கியூஎல்சியின் ஆயுளும் போதுமானது. நாள்தோறும் பெரிய காணொளிகளைப் பதிவு செய்யும் கணினிக்கு அது பொருந்தாது.

மின்சாரம் இல்லாமல் வைக்கும்போது தரவு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது வேறு கேள்வி. ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயப்படி, வீட்டு வகை இயக்கி தன் எழுத்து வரம்பை எட்டிய பின்னும், 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். புதிய இயக்கி இதைவிட நெடுங்காலம் காக்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். குடும்ப நிழற்படங்களை ஓர் எஸ்.எஸ்.டி.யில் மட்டும் எழுதி அலமாரியில் பல ஆண்டுகள் பூட்டிவைப்பது பாதுகாப்பன்று என்பதே இதன் பொருள்.

விலையில் மறைந்திருப்பவை

ஒவ்வொரு தரவும் எந்தக் கலத்தில் உள்ளது என்னும் அட்டவணையை இயக்கி வைத்திருக்கிறது. நல்ல இயக்கிகளில் இதற்கென டிராம் என்னும் விரைவு நினைவகம் தனியே இருக்கும். ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டு. விலையைக் குறைக்க இந்தச் சில்லை நீக்கிய இயக்கிகள் பெருகின. 2017-இல் வந்த கிங்ஸ்டன் ஏ400 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. பல பணிகள் ஒருசேர நடக்கும்போது இவை வேகம் குறையும். என்விஎம்இயின் 1.2 பதிப்பு, கணினியின் முதன்மை நினைவகத்தில் சிறு பகுதியை இயக்கி கடன்வாங்க வழிசெய்தது. சாட்டாவில் அவ்வசதி இல்லை. ஆகவே டிராம் இல்லாத இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், கணினியில் இடமிருக்கும் பட்சத்தில் என்விஎம்இயே மேல்.

அறிமுகத்தின்போது ஒரு வகைச் சில்லையும், மதிப்புரைகள் வெளியான பின் அதே பெயரில் வேறு வகைச் சில்லையும் பொருத்தி விற்ற நிகழ்வுகளும் உண்டு. 2014-இலும் 2021-இலும் இது பெரிதாகப் பேசப்பட்டது. பெட்டியில் டிஎல்சியா கியூஎல்சியா எனக் குறிப்பிடாத இயக்கிகளில் இதற்கு இடம் அதிகம்.

இவற்றைவிடக் கொடியது போலிக் கொள்ளளவு. இணையச் சந்தைகளில் 16 டெராபைட்டு, 30 டெராபைட்டு எனச் சில நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் விற்கப்படும் வெளிப்புற இயக்கிகளுள் பலவற்றில் உள்ளிருப்பது ஒரு சிறு நினைவக அட்டைதான். கணினிக்குப் பொய்யான கொள்ளளவைக் காட்டும்படி அவற்றின் நிலைபொருள் மாற்றப்பட்டிருக்கும். கோப்புகள் நகலாவது போலவே தோன்றும். உண்மை அளவு நிரம்பிய பின் எழுதப்படுபவை முன்னவற்றின்மேல் படிந்து அழிக்கும். திறந்து பார்க்கும்போதுதான் இழப்பு தெரியவரும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இயக்கி முழுவதும் எழுதிப் படித்து இந்த மோசடியைக் காட்டிவிடும். அதேவேளை, 500 ஜிகாபைட்டு இயக்கியை விண்டோஸ் 465 எனக் காட்டுவது மோசடியன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

ஏறி இறங்கும் விலை

விலை எப்போதும் கீழ்நோக்கியே சென்றதில்லை. அடுக்குமுறைக்குத் தொழிற்சாலைகள் மாறிய 2016-17 ஆண்டுகளில் உற்பத்தி சுருங்கி விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்காய்ச்சி, கித்தாகாமி ஆகிய இடங்களில் உள்ள கியோக்சியா, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலைகளில் மூலப்பொருள் மாசுபட்டு, பெருமளவு உற்பத்தி வீணானது. பெருந்தொற்றுக் காலத் தேவை தணிந்ததும் 2023-இல் சரக்கு தேங்கி விலை மிகவும் இறங்கியது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் மீண்டும் ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், க்ருஷியல் என்னும் பெயரில் வீட்டுப் பயனர்களுக்கு நடத்திவந்த வணிகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. உலகில் நாண்ட் சில்லுகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் மிகச் சில என்பதால், ஒருவரின் முடிவும் சில்லறை விலையில் எதிரொலிக்கிறது.

வீட்டுக் கணினிக்கான தேர்வு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து வாங்குவோர் பின்பற்றத்தக்க வரிசை ஒன்று கிடைக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கணினியில் உள்ள இணைப்பிடம். பழைய மடிக்கணினியில் பெரும்பாலும் 2.5 அங்குலச் சாட்டா இடமே இருக்கும். எம்.2 இடம் இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். கணினியின் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. எம்.2 இயக்கியில் 2280 எனக் குறிப்பிட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். பழைய கணினியின் சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தால் உச்ச வேகம் பாதியாகும். ஆயினும் காத்திருப்பு குறைவதால் மாற்றம் நன்றாகத் தெரியும்.

அடுத்தது கொள்ளளவு. இயங்குதளமும் வழக்கமான மென்பொருள்களும் 120 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். ஆனால் நிரம்பி வழியும் இயக்கி வேகம் இழக்கும். ஆகவே 240 முதல் 512 ஜிகாபைட்டு வரையிலான அளவு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது. மேசைக் கணினியில் பழைய வன்தட்டையும் அருகிலேயே வைத்துக்கொண்டு, படங்களையும் காணொளிகளையும் அதில் சேமிக்கலாம். மடிக்கணினியில் டிவிடி இயக்கி இருந்த இடத்தில் ஒரு தாங்கியைப் பொருத்தி வன்தட்டை அங்கு மாற்றுவதும் வழக்கம்.

மூன்றாவது, கலத்தின் வகையும் உத்தரவாதமும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் டிஎல்சியும், ஐந்தாண்டு உத்தரவாதமும், டிபிடபிள்யூ அளவை வெளிப்படையாகக் குறிப்பிடும் தயாரிப்பும் சிறந்தவை. வேறுபாடு பெரிதானால், எளிய பணிகளுக்குக் கியூஎல்சி அல்லது டிராம் இல்லாத இயக்கியும் குறையன்று. வன்தட்டைவிட அவை பெரிதும் விரைவானவை. சில்லைத் தயாரிக்கும் நிறுவனத்தின் இயக்கியையோ, ஊரிலேயே உத்தரவாதச் சேவை உள்ள நிறுவனத்தின் இயக்கியையோ ரசீதுடன் வாங்குவது, பெயர் தெரியாத மலிவைவிட இறுதியில் சிக்கனம்.

கடைசியாக, காப்பு நகல். டிரிம் கட்டளை செயல்பட்ட பின், நீக்கிய கோப்பைத் திண்மநிலை இயக்கியிலிருந்து மீட்பது பெரும்பாலும் இயலாது. கட்டுப்படுத்தி பழுதானால் மீட்புச் செலவு இயக்கியின் விலையைப்போலப் பல மடங்காகும். கழற்றிய பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால், அதைக் குறைந்த விலையில் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் இட்டு, மாதம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை அதில் நகலெடுத்து வைக்கலாம்.